நினைவுள்ள வரைபலகை

வரைபலகை என்னும் பழைய கருவியை முதலில் நினைவுக்குக் கொண்டுவருவோம். நன்கு இழைத்த ஒரு மரப்பலகை, அதன் விளிம்பைப் பற்றிக்கொண்டு மேலும் கீழும் நகரும் ரீ வடிவச் சட்டம், இரண்டு மூலைமட்டங்கள், ஒரு கவராயம், பென்சில், அழிறப்பர். காலையில் அப்பலகையில் ஒருவர் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றின் படத்தை வரைந்துவிட்டு எழுந்து போகிறார். மாலையில் வேறொருவர் வந்து தம் தாளைப் பதித்து அமர்கிறார். முன்னவர் இடக்கையரா வலக்கையரா, அடியில் அளந்தாரா மீற்றரில் அளந்தாரா, கோணத்தை எந்தத் திசையிலிருந்து எண்ணினார் என்பவை யாவும் அவரோடு எழுந்து போய்விட்டன. பலகைக்கு அவற்றைப் பற்றி ஒன்றும் தெரியாது.

இன்று அந்தப் பலகையின் இடத்தைக் கணினி பெற்றிருக்கிறது. கணினியோ முன்னவரின் பழக்கங்களை நினைவில் வைத்திருக்கிறது. அடுத்து வந்து அமர்பவரிடம் ஒரு சொல்லும் சொல்லாமலே அவற்றைக் கொண்டு நடத்துகிறது. கணினி உதவியுடன் படம் வரையும் மென்பொருள்களில், நாம் தொடாமலே மாறிவிட்டனபோலத் தோன்றும் அமைப்புகளைப் பற்றியே, நேயர்களே, இன்று பேச எடுத்துக்கொண்டேன்.

கலைப் பட்டதாரியாகிய எனக்கு இத்துறையில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். வரலாறும் தமிழும் கற்பித்துப் பின்னர் அதிபர் ஆசனத்துக்கு வந்தவன் நான். பாடசாலை அதிபர் ஒருவருக்குப் பொறியின் உள்ளுறுப்புகள் தெரியாமற் போகலாம். அப்பொறிக்கு முன்னால் இருந்து எழுந்து வரும் பிள்ளையின் முகம் தெரியாமற் போவதில்லை. அந்த முகத்தைக் கண்ட பின்னரே இவ்விடயத்தை நான் விசாரிக்கத் தொடங்கினேன்.

திரையில் படம் வரையும் கலை அவ்வளவு புதியதன்று. 1963ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில் ஐவன் சதர்லாந்து என்னும் ஆய்வு மாணவர், ஒளிப்பேனாவினால் திரையிலே கோடு வரைந்து, அக்கோட்டைத் திருத்தவும் பெயர்க்கவும் வல்ல ‘ஸ்கெச்பாட்’ என்னும் முறையை அமைத்துக் காட்டினார். அதற்கு வேண்டியிருந்த கணினி ஓர் அறையை அடைத்துக்கொண்டு நின்றது. 1982ஆம் ஆண்டில் ஜோன் வோக்கரும் அவருடைய தோழர்களும் தொடங்கிய ஓட்டோடெஸ்க் நிறுவனம், மேசைமேல் வைக்கும் சிறு கணினியிலேயே இயங்கும் ‘ஓட்டோகாட்’ மென்பொருளை வெளியிட்டது. இன்று பெரும்பாலான கட்டட அலுவலகங்களில் வழங்குவது அதுவே. நம் நாட்டில் 2013ஆம் ஆண்டில் க.பொ.த. உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு தொடங்கப்பட்ட பின்னர், பொறியியல் தொழினுட்பவியலைப் பாடமாக எடுக்கும் பிள்ளைகள் நுவரெலியாவிலும் ஹட்டனிலும் கொட்டகலையிலும் தலவாக்கலையிலும் உருவாகியிருக்கிறார்கள். தாய் கொழுந்து பறிக்க, மகள் படவரைஞராக விரும்புகிறாள். அவ்விருப்பத்துக்கு நடுவே வந்து நிற்பது ஒரு பெரிய மலையாயின் ஏறிக் கடந்துவிடலாம். கண்ணுக்குத் தெரியாத சிறு கல்லொன்று காலை இடறுவதைத்தான் சகிக்க முடிவதில்லை.

அத்தகைய கல் ஒன்றை எங்கள் பாடசாலையிலேயே கண்டேன். உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி திங்கட்கிழமை காலையில் தன் படத்தைத் திறக்க முற்பட்டாள். கோப்புகளின் பெயர்களை வரிசையாகக் காட்டும் பெட்டி வழக்கம்போலத் தோன்றவேண்டும், தோன்றவில்லை. கோப்பின் பெயரைத் தட்டச்சுச் செய்யுமாறு கேட்கும் ஆங்கில வரி ஒன்று மாத்திரம் திரையின் அடியில் நின்றது. கணினியை நிறுத்தி மீண்டும் இயக்கினாள், அதே வரி. வேறொரு படத்தைத் தொடங்கிச் சேமிக்க முயன்றாள். அங்கும் அதே வரி. அவள் ஒருவரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் கணினி அறைப் பக்கமே வரவில்லை. ஆசிரியை அழைத்து விசாரித்தபோது அவள் சொன்னது இது: “நான்தான் மெசினைக் கெடுத்திட்டேன் டீச்சர். எவ்வளவு கட்டணும்?”

பொறி கெடவில்லை. நடந்தது யாதெனில், வெள்ளிக்கிழமை பிற்பகலில் அதே கணினியில் வேறொரு மாணவன், கதவின் வடிவத்தைத் தானே வரைந்து தானே சேமித்துவிடும் சிறு நிரல் ஒன்றைப் பரீட்சித்துப் பார்த்திருக்கிறான். இத்தகைய நிரல்கள் தம் வேலைக்கு இடையூறாக அந்தப் பெட்டி எழாதிருக்கும்பொருட்டு அதனைச் சிறிது நேரம் அடக்கிவைப்பது வழக்கம். ‘பைல்டயா’ என்னும் அமைப்பின் பெறுமானம் 1 ஆக இருப்பதை 0 ஆக்கும். வேலை முடிந்ததும் மீண்டும் 1 ஆக்கிவிடும். மாணவனோ நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே ‘எஸ்கேப்’ விசையை அழுத்தி அதனை நிறுத்திவிட்டான். கதவைச் சாத்திவிட்டு உள்ளே போனவர் திரும்பி வந்து திறக்குமுன் வேலை குழம்பிப்போயிற்று. கதவு சாத்தியபடியே கிடந்தது. பைல்டயா என்று தட்டி 1 எனக் கொடுத்தால் பெட்டி திரும்பி வரும். அதுகூட வேண்டாம், அந்த வரி நிற்கும்போது அலைபோல் நெளிந்த சிறு கோட்டுக்குறியை இட்டு ‘என்ரர்’ விசையை அழுத்தினால், அந்த ஒரு தடவைக்குப் பெட்டி எழுந்து வரும். இவ்வளவு சிறிய விடயத்துக்காக ஒரு பிள்ளை இரண்டு நாள் அஞ்சியிருந்தாள்.

இங்கே கவனிக்கத்தக்கது, படம் மாறியும் அந்தக் குணம் மாறாமல் நின்றதே. ஓட்டோகாட்டில் இத்தகைய அமைப்புகள் பல நூறு உள்ளன. அவை எல்லாம் ஓரிடத்தில் குடியிருப்பவை அல்ல. சில படத்தினுள்ளேயே எழுதப்படும். நீள அளவையின் அலகு, கோணத்தை எண்ணும் முறை, விட்டு விட்டு வரும் கோடுகளின் இடைவெளி, கண்ணாடி விம்பமாகத் திருப்பும்போது எழுத்தும் திரும்புமா என்னும் கட்டளை ஆகியவை அவ்வகை. அந்தப் படத்தை ஹட்டனிலிருந்து கொழும்புக்கு அனுப்பினால் அவையும் உடன் செல்லும். வேறு சில, கணினியைப் பயன்படுத்துபவரின் பெயரோடு சேர்த்து வின்டோஸ் பதிவேட்டில் எழுதப்படும். மேலே சொன்ன பெட்டி, திரையிற் சிலுவைபோல் நகரும் குறியின் அளவு, கோட்டின் முனையைத் தானே தேடிப் பற்றும் முறை ஆகியவை இவ்வகை. எந்தப் படத்தைத் திறந்தாலும் அவை முன்வந்து நிற்கும். எங்கும் எழுதப்படாமல், மென்பொருளை மூடியவுடன் மறைந்துபோகும் ஒரு சிறு கூட்டமும் உண்டு.

இந்த இருப்பிட பேதம் தெரிந்துவிட்டால் பாதி மயக்கம் தீர்ந்தது எனலாம். விசித்திரமாக ஏதேனும் நிகழ்ந்தால், முதலில் வேறொரு படத்தைத் திறந்து பாருங்கள். அங்கு அத்தொல்லை இல்லையாயின் குறை படத்தினுள் இருக்கிறது. அங்கும் அதுவே தொடருமாயின் குறை பயனரின் பதிவேட்டில் இருக்கிறது. மூடித் திறந்தவுடன் போய்விட்டதாயின் அதனைத் தேடிப் பயனில்லை. அஃது அந்த வேளைக்குரியது. வைத்தியர் நாடி பார்ப்பதற்கு முன் காய்ச்சல் எப்போது வருகிறது என்று கேட்பதில்லையா? அதுபோன்றதே இதுவும்.

தோட்டத்து நேயர்களுக்கு இன்னும் அணுக்கமான ஓர் உவமை உண்டு. கொழுந்து மடுவத்துத் தராசை எண்ணிப் பாருங்கள். சாக்கின் பாரத்துக்கென்றும், மழை நாளில் ஈரத்துக்கென்றும் நிறையிற் கழிவு வைப்பது நெடுங்கால வழக்கம். அதுபற்றிய மனக்குறையும் நெடுங்காலத்ததே. கழிவு வைக்கலாகாது என்று தொழிலாளர் வாதிடுவது அரிது. எவ்வளவு கழிக்கப்பட்டது, யார் தீர்மானித்தார், வெறுந்தராசு பூச்சியத்தில் நின்றதா என்பவை தமக்குத் தெரியவேண்டும் என்பதே அவர்கள் கேட்பது. தராசின் முள் கண்முன் ஆடிய காலத்தில் பூச்சியத்தைப் பார்த்துவிடலாம். இலக்கங்களைக் காட்டும் இக்காலத் தராசில், முன்கூட்டியே பதித்துவைத்த கழிவு அதன் நினைவுக்குள் ஒளிந்திருக்கிறது. படம் வரையும் மென்பொருளில் இருப்பதும் அத்தகைய ஒளிந்த பூச்சியம்தான். வரைபவரின் கை நேர்மையாக வேலை செய்தும் விடை வேறாக வருவதற்கு அதுவே காரணம்.

நிரல்கள் மாத்திரம் இதனைச் செய்வதில்லை, விரல்களும் செய்யும். விசைப்பலகையின் மேல்வரிசையில் எப் என்னும் எழுத்தோடு எண்கள் பொறித்த விசைகள் உள்ளன அல்லவா? எப் 8ஐத் தொட்டால் கோடு நேர்க்கிடையாகவும் நேர்நிலையாகவும் மாத்திரமே ஓடும். சரிவாக வரைய விரும்பும் மாணவன் எவ்வளவு இழுத்தாலும் அஃது இணங்காது. எப் 9ஐத் தொட்டால் சுட்டி ஒழுகிச் செல்லாமல் தவளைபோல் தத்தித் தத்திச் செல்லும். எப் 3, முனைகளைத் தேடிப் பற்றும் முறையை நிறுத்திவிடும். அப்போது இரண்டு கோடுகள் தொட்டனபோலக் கண்ணுக்குத் தெரிந்தும் உண்மையில் தொடாமலிருக்கும். மடிக்கணினியில் இதே விசைகளே ஒலியைக் கூட்டவும் வெளிச்சத்தைக் குறைக்கவும் பயன்படுவதால், திரையை வெளிச்சமாக்கப் போனவன் தன் கோட்டைக் கட்டிப்போட்டுவிட்டு வருகிறான். இன்னொன்று: பொருள்களின் இயல்புகளைக் காட்டும் பலகணியின் மேல்மூலையில் ஒரு சிறு பொத்தான் இருக்கிறது. அதனைத் தெரியாமல் அழுத்திவிட்டால், இரண்டாவது கோட்டைத் தெரிவு செய்தவுடன் முதலாவது கோடு தெரிவிலிருந்து நழுவிவிடும். ஒன்றைக் கையில் எடுத்தால் மற்றது விழுகிறது. ‘பிக்அட்’ என்னும் அமைப்பு 0 ஆகிவிட்டதென்று அறியாத பிள்ளை, தன் கை சரியில்லை என்றே எண்ணிக்கொள்கிறது.

உள்ளீட்டு முறையிலும் இத்தகைய பேதம் உண்டு. எங்கள் பிள்ளைகள் வரையப் பழகும்போது முதலில் வரைவது பெரும்பாலும் லயன் காம்பராவையே. ஆசிரியர் சொல்லவேண்டியதில்லை, பத்தடிக்குப் பன்னிரண்டடி என்ற அளவு அவர்களுக்குப் பிறந்த நாள் முதல் தெரியும். மில்லிமீற்றரில் அது 3048க்கு ஏறத்தாழ 3658. மாணவன் ஒருவன் 5000, 5000 என்ற புள்ளியில் முதல் மூலையை வைத்து, அடுத்து 3048, 0 என்று தட்டுகிறான். அவன் கருத்து, இங்கிருந்து கிழக்கே பத்தடி போ என்பது. இயக்க உள்ளீடு என்னும் முறை செயற்பட்டுக்கொண்டிருந்தால் மென்பொருளும் அப்படியே விளங்கிக்கொள்ளும். சுவர் நேராகக் கிழக்கே செல்லும். அம்முறை நிறுத்தப்பட்டிருந்தாலோ, படத்தின் ஆதிப்புள்ளியிலிருந்து எண்ணி 3048, 0 என்ற இடத்துக்குப் போ என்று விளங்கிக்கொள்ளும். சுவர் இடப்புறம் சரிந்து கீழே விழும். தட்டிய இலக்கங்கள் ஒன்றே. பிறந்த காம்பரா வேறு.

இந்த இயக்க உள்ளீடு, 2006 எனப் பெயரிடப்பட்டு 2005இல் வெளிவந்த பதிப்பில் சேர்க்கப்பட்டது. அதற்கு முன் எழுதிய பாடநூல்கள், நின்ற இடத்திலிருந்து எண்ணுவதற்கு ‘அற்’ குறியை முன்னே இடும்படி கற்பிக்கும். பின்னர்ப் பழகியவர்கள் அக்குறி இல்லாமலே எழுதுவார்கள். ஆகவே ரியூசன் வகுப்பில் ஒரு வகையாகவும் பாடசாலையில் வேறு வகையாகவும் பழகிய பிள்ளை, எது பிழை என்று கேட்டுக்கொண்டு வருகிறது. இரண்டும் சரி, எப் 12 விசை இடையில் நிற்கிறது. ‘அற்’ குறியை எப்போதும் இடப் பழகிவிட்டால் அவ்விசை எந்நிலையில் இருந்தாலும் கவலையில்லை என்பதால், பழைய பாடநூலின் பக்கமே நான் சாய்வேன்.

அலகுகளுக்கு வருவோம். மலையகத்தில் இன்று வீட்டுப் படம் வரைபவர் மூன்று உலகங்களுக்கு நடுவே நிற்கிறார். நிலம் பேர்ச்சஸில் கணக்கிடப்படும். வீடு சதுர அடியில் பேசப்படும். படம் மில்லிமீற்றரில் வரையப்படும். தோட்டக் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் 7 பேர்ச்சஸ் நிலம் என்பது இவ்வட்டாரத்தில் சிறுவரும் அறிந்த பேச்சு. இந்திய உதவியுடனான வீடமைப்பில் முதலில் 4,000 வீடுகள் திட்டமிடப்பட்டன. 2017ஆம் ஆண்டு மே மாதம் 12ஆம் திகதி நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். அவ்வீட்டின் அளவு 550 சதுர அடி எனச் சொல்லப்படும். ஒரு பேர்ச்சஸ் 272.25 சதுர அடி. ஆகவே 7 பேர்ச்சஸ் 1,905.75 சதுர அடி, அதாவது ஏறக்குறைய 177 சதுர மீற்றர். இக்கணக்கை எங்கள் பிள்ளைகள் மனத்திலேயே போடுவார்கள். மென்பொருளின் கணக்குத்தான் அவர்களைச் சறுக்கச் செய்கிறது.

புதிய படத்தைத் தொடங்கும்போது மென்பொருள் ஒரு வெற்று மாதிரிப் படத்தை எடுத்துத் தருகிறது. அவற்றுள் ‘அகாட்’ என்பது அங்குலத்துக்கு உரியது. ‘அகாட் ஐஎஸ்ஓ’ என்பது மில்லிமீற்றருக்கு உரியது. முன்னிருந்தவர் அங்குல மாதிரியைத் தெரிந்து வைத்துவிட்டுப் போனால், பின்னவருக்கும் அதுவே வரும். வெற்றுத் திரைகள் இரண்டும் பார்வைக்கு ஒரேமாதிரி. பிள்ளை அதில் 3048 என்றும் 3658 என்றும் தட்டிச் சுவர்களை எழுப்புகிறது. இலக்கத்தின் நெற்றியில் அலகு எழுதியிருப்பதில்லை. ஆதலால் எவ்வித ஆட்சேபமும் எழாது. பின்னர், மில்லிமீற்றரில் வரைந்து சேமித்த 900 அகலமுள்ள கதவு ஒன்றைக் கொணர்ந்து அச்சுவரில் பொருத்துகிறது. இந்தப் படம் அங்குலப் படம் என்று நம்பிக்கொண்டிருக்கும் மென்பொருள், ஓர் அங்குலத்துக்கு 25.4 மில்லிமீற்றர் என்ற கணக்கில் அக்கதவை முறையாக மாற்றி 35.43 ஆக்கிவிடுகிறது. பத்தடிச் சுவரில் தீப்பெட்டியின் அகலத்தில் ஒரு கதவு! எதிர்மாறாக நிகழ்ந்தால், 900 மில்லிமீற்றர்க் கதவு 22,860 மில்லிமீற்றர் ஆகும். ஏறத்தாழ 23 மீற்றர். நமது தேயிலைத் தொழிற்சாலைகளையே அக்கதவின் வழியாக உள்ளே கொண்டுபோய்விடலாம்.

கதவு தீப்பெட்டியளவாகத் தெரிந்தால் எவரும் சிரித்துத் திருத்திவிடுவர். கோணத்தில் வரும் பிழைக்கு அந்த நகைப்பூட்டும் தோற்றமும் இல்லை. மென்பொருள் தன் இயல்பில் கோணத்தைக் கிழக்கிலிருந்து தொடங்கி இடஞ்சுழியாக எண்ணும். நில அளவையாளர் வடக்கிலிருந்து தொடங்கி வலஞ்சுழியாக எண்ணுவர். 1800ஆம் ஆண்டில் அமைந்த நமது நில அளவைத் திணைக்களத்தின் காலத்திலிருந்து எல்லைக் கோடுகளைப் பார்த்துப் பழகிய எவருக்கும் பின்னதே இயற்கை. நில அளவையாளர் ஒருவர் தம் முறைப்படி அமைத்து அனுப்பிய படத்தைத் திறந்து, அதன்மேலேயே மாணவன் வேலை செய்கிறான் என்க. கோண அமைப்பு படத்தோடு வந்துவிட்டது. அவனுக்கு அது தெரியாது. கிழக்கிலிருந்து 30 பாகை என்று எண்ணி 30 எனத் தட்டுகிறான். கோடு வடக்கிலிருந்து 30 பாகை திரும்பி நிற்கிறது. அவன் எண்ணிய கோட்டுக்கும் விழுந்த கோட்டுக்கும் இடையே 30 பாகை. கோட்டின் நீளம் 50 அடியாயின் அதன் முனை ஏறத்தாழ 26 அடி விலகிப்போகும். 7 பேர்ச்சஸ் நிலத்தைச் சதுரமாகக் கொண்டால் அதன் ஒரு பக்கம் 44 அடிக்கும் குறைவு என்பதை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நூற்றாண்டாக நிலம் இல்லாதிருந்த ஒரு குடும்பத்துக்குக் கிடைத்த நிலத்தில், எல்லைக் கோடு பாதி நிலத்தைத் தாண்டி நிற்கிறது. மலைச்சரிவில் நீர் வழிந்தோடும் கானும் அக்கோட்டை நம்பியே வெட்டப்படும்.

தமிழ்ப் பிள்ளைகளுக்கென்றே அமைந்த ஒரு சிறு தொல்லையையும் சொல்லவேண்டும். ஒரே கணினியில் ஆங்கில விசைப்பலகையும் ரெங்கநாதன் தமிழ் விசைப்பலகையும் அமைந்திருக்கும். இடப்பக்க ‘ஓல்ட்’ விசையையும் ‘ஷிப்ட்’ விசையையும் சேர்த்து அழுத்தினால் ஒன்றிலிருந்து மற்றதுக்கு மாறலாம். தமிழ்மொழித் தினப் போட்டிக்குக் கட்டுரை தட்டிவிட்டு எழுந்த மாணவிக்குப் பின்னால், படம் வரைய ஒருவன் வந்து அமர்கிறான். கோடு வரைவதற்கு எல் என்னும் எழுத்தைத் தட்டுகிறான். தமிழ் எழுத்து விழுகிறது. அப்படியொரு கட்டளை தனக்குத் தெரியாது என்று மென்பொருள் கைவிரிக்கிறது. தமிழில் கட்டளை கொடுத்தால் கோடு வரையும் மென்பொருள் வரும் நாளில் இத்தொல்லை இராது. அதுவரையில், திரையின் வலப்புற அடிமூலையில் இருக்கும் மொழிக்குறியை ஒரு தடவை பார்த்துவிட்டுத் தொடங்குவதே வழி.

இவையெல்லாம் பிழைகள் என்று ஒரே பெயரிட்டு அழைப்பது நியாயமாகாது. இடக்கைப் பழக்கமுள்ள மாணவன் சுட்டியின் இரண்டு பொத்தான்களையும் இடம் மாற்றி அமைத்துக்கொள்கிறான். அவனுக்கு அது தேவை. மறுப்பதற்கு எவருக்கும் உரிமையில்லை. ஆயினும் அடுத்து வருபவன் கோட்டைத் தெரிவு செய்ய அழுத்தினால், ஏதோ ஒரு பட்டியல் விரிகிறது. ஒருவனுடைய வசதி மற்றவனுக்கு இடறாக முடிவதன் காரணம், இருவரும் ஒரே பெயரில் கணினிக்குள் நுழைவதே. ஆய்வுகூடக் கணினிகளில் ‘மாணவர்’ என்று ஒரே பெயரைப் பதித்து, நாற்பது பேர் அதனூடாகப் போய் வருவதைப் பல இடங்களில் காணலாம். ஒரே பற்றுவரவுப் புத்தகத்தில் நாற்பது குடும்பங்களின் கடனை எழுதும் கடைக்காரனுக்கு என்ன கதி நேருமோ, அதுவே அக்கணினிக்கும் நேரும். வின்டோஸில் ஆளுக்கொரு பயனர் பெயர் அமைப்பதற்குப் பணம் வேண்டியதில்லை. ஒரு பிற்பகல் போதும். அவ்வாறு செய்தால் பயனர் பதிவேட்டில் எழுதப்படும் அமைப்புகள் யாவும் தாமாகவே பிரிந்துபோகும்.

பெயர்களைப் பிரிக்க முடியாத இடத்தில் வேறு உபாயங்கள் உள்ளன. ஆசிரியர் தமக்கு வேண்டியவாறு எல்லாவற்றையும் சீராக அமைத்து, அதனை ஒரு கோப்பாக வெளியே எடுத்துப் பாதுகாத்து, பாடம் தொடங்குமுன் மீண்டும் ஏற்றிக்கொள்ளலாம். அலகு, கோணம் முதலியவை சரியாக அமைந்த மாதிரிப் படம் ஒன்றை உருவாக்கி, எவரும் மேலெழுத முடியாதபடி வைக்கலாம். 2016ஆம் ஆண்டுப் பதிப்பு முதல் ஓட்டோகாட்டிலேயே ஒரு காவற்காரனும் இருக்கிறான்: குறித்துவைத்த அமைப்புகளில் ஏதேனும் தன் நிலையிலிருந்து மாறினால் உடனே அறிவித்து, திரும்பவும் பழைய நிலைக்குக் கொண்டுவர வழிசெய்வான். மென்பொருள் பிறந்து முப்பது ஆண்டுகளுக்குப் பின்னரே அந்தக் காவற்காரன் வேலைக்குச் சேர்ந்தான் என்பதை எண்ணும்போது, இத்தனை காலமும் எத்தனை பேர் தம்மையே நொந்துகொண்டிருப்பார்கள் என்று தோன்றுகிறது. அனைத்தையும் பிறந்த நிலைக்கு மீட்டுவிடும் வழியும் உண்டு. ஆனால் நாம் பார்த்துப் பார்த்து அமைத்தவையும் அதனோடு அழிந்துபோகும். மூட்டைப்பூச்சிக்கு அஞ்சி வீட்டைக் கொளுத்துவது போன்றது அது. முதல் மருந்தாக அதனைக் கொள்ளவேண்டாம்.

இஃது ஏதோ வசதி குறைந்த மலைநாட்டுப் பாடசாலைகளின் துன்பம் என்று எண்ணிவிடாதீர்கள். உலகின் மிகப் பெரிய பயணிகள் விமானமாகிய ஏ380ஐக் கட்டிய எயர்பஸ் நிறுவனத்துக்கும் இதற்கு உறவான இடர் ஒன்று நேர்ந்தது. அந்த விமானத்தினுள் ஓடும் மின்கம்பிகளின் நீளம் நூற்றுக்கணக்கான கிலோமீற்றர். ஜெர்மனியின் ஹம்பேர்க் நகரில் வரைந்தவர்கள் ‘கற்றியா’ என்னும் மென்பொருளின் நான்காம் பதிப்பைக் கொண்டு வரைந்தார்கள். பிரான்ஸின் துலூஸ் நகரில் ஐந்தாம் பதிப்பு வழங்கியது. ஓரிடத்தில் வரைந்தது மற்ற இடத்தில் பிசகின்றிப் பொருந்தவில்லை. கம்பிக் கட்டுகளை விமானத்தின் உடலுள் இழுத்துப் பொருத்தியபோது சில எட்டாமற் போயின. 2006ஆம் ஆண்டில் அந்நிறுவனம் தாமதத்தை அறிவிக்க நேர்ந்தது. முதல் விமானம் 2007ஆம் ஆண்டு ஒக்ரோபரில்தான் சிங்கப்பூர் விமானச் சேவையின் கைக்கு வந்தது. அவர்களிடம் கணினிக்கும் குறைவில்லை, கற்றவருக்கும் குறைவில்லை. ஒரே பெயருள்ள மென்பொருள் இரண்டு இடங்களில் இரண்டு விதமாக நினைவு வைத்திருந்தது.

வீட்டில் பழக விரும்பும் பிள்ளைகளுக்கு ‘பிரீகாட்’, ‘லிப்ரேகாட்’ முதலிய இலவச மென்பொருள்கள் கிடைக்கின்றன. அவற்றிலும் இதே சங்கதி உண்டு. பிரீகாட்டில் சுட்டியைக் கொண்டு உருவத்தைச் சுழற்றுவதற்கே பலவிதப் பாணிகள் வைத்திருக்கிறார்கள். ஒன்றில் நடுப்பொத்தான் செய்வதை மற்றொன்றில் வேறு விசைகள் செய்யும். எதையேனும் ஒன்றைத் தெரிந்து அதிலேயே கை பழகுவது நல்லது. எந்தப் பாணி என்பதன் பெயரையும் அறிந்து வைத்திருக்கவேண்டும். வேறிடத்தில் அமரும்போது கேட்டு அமைத்துக்கொள்ள உதவும்.

எங்கள் கணினி அறையில் இப்போது ஒவ்வொரு கணினிக்கு அருகிலும் நாற்பது பக்க அப்பியாசக் கொப்பி ஒன்று நூலிற் கட்டித் தொங்குகிறது. எதையேனும் மாற்றியவர் திகதியையும், மாற்றியதையும், முன்பு அது எப்படி இருந்தது என்பதையும் ஒரு வரியில் எழுதவேண்டும். பெயர் எழுதவேண்டியதில்லை என்று நான் விதித்தேன். பெயர் கேட்டால் பிள்ளைகள் எழுதமாட்டார்கள். நேர்முகப் பரீட்சைக்குச் செல்லும் மாணவர்களுக்கும் ஒரு பழக்கம் கற்பிக்கப்படுகிறது. முன்பின் அறியாத கணினியின் முன் அமர்ந்தவுடன் கோட்டை வரையத் தொடங்காமல், மொழிக்குறியைப் பார்க்கவேண்டும். அலகையும் கோணத் திசையையும் காட்டும் பெட்டியைத் திறந்து பார்க்கவேண்டும். திரையின் அடியில் ஒளிரும் சிறு குறிகளில் எவை செயற்படுகின்றன என்று நோக்கவேண்டும். பின்பு 1000 நீளமுள்ள ஒரு கோட்டை வரைந்து, அதனை அளந்து, 1000 என்று வருகிறதா எனப் பார்த்துவிட்டு அழித்துவிடவேண்டும். கைக்கடிகாரத்தைப் பார்த்துச் செய்வித்தோம். இவ்வளவுக்கும் அவர்களுக்கு ஒன்றரை நிமிடமே பிடிக்கிறது.